கெசையா அடைத்த மெத்தைகள்

ஒரு கப்பல் முதலாளி தன் லாயத்துக் குதிரைக்குக் கீழே வைக்கோல் பரப்பிக் கொடுப்பார். தன் கப்பலில் உழைக்கிற ஆளுக்குக் கொடுக்க மாட்டார். ஆளுக்குக் கிடைப்பது வெறும் பலகை. அதன்மேல் போட மெத்தை வேண்டுமென்றால் அவனே வாங்கி, தோளில் சுமந்துகொண்டு கப்பலேற வேண்டும். தட்டு, குவளை, கரண்டிகூட அவனுடையதுதான். லண்டன் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் லைம்ஹவுஸில் அதை யாரும் அநியாயம் என்று நினைத்ததே இல்லை. மழை பெய்கிற மாதிரி, அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

அந்த மெத்தை என்பது சாக்குத்துணியில் வைக்கோலை அடைத்துத் தைத்த ஒரு பை, அவ்வளவுதான். மாலுமிகள் அதற்குக் கழுதைப் பலகாரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊர் திரும்பும்போது, கப்பல் தேம்ஸ் ஆற்றுக்குள் நுழைந்ததும், ஓவென்று கூச்சல் போட்டுக்கொண்டு எல்லா மெத்தைகளையும் தூக்கித் தண்ணீரில் எறிந்துவிடுவார்கள். மூட்டைப்பூச்சி, ஈரம், நாற்றம், பயணத்து அலுப்பு எல்லாம் அதோடு தொலைந்தது என்று அர்த்தம். அடுத்த பயணத்துக்குப் புதிது வாங்கிக்கொள்ளலாம்.

அந்தப் புதியதை அடைத்துத் தைத்தவர்களில் ஒருத்தி கெசையா ப்ரூயிட். பர்கிஸ் என்பவனுடைய கொட்டகையில் வேலை. நான் அதே தெருவில் பட்டாணி சூப்பும் விலாங்கு மீனும் விற்கிற சாப்பாட்டுக் கடை வைத்திருந்தேன். மத்தியானம் தலையெல்லாம் வைக்கோல் துரும்போடு வந்து உட்காருவாள். ஆள் நல்ல உயரம், கை இரண்டும் ஆம்பிளைக் கை. அவள் சிரித்தால் மேசைமேல் இருக்கிற கோப்பை ஆடும். கோணி ஊசியைக் காதோரம் செருகிக்கொண்டு அப்படியே வந்துவிடுவாள். ஒருநாள் யார் கண்ணையாவது குத்தப்போகிறாய் என்று நான் கத்தாத நாளில்லை.

அவளுக்குப் புருஷன் வாய்த்த கதையும் மெத்தைக் கதைதான். ஜெத்ரோ ப்ரூயிட் என்ற மாலுமி ஒரு பயணம் முடிந்து வந்து, கொட்டகை வாசலில் நின்று சண்டை பிடித்தான்.

"யாரு என் மெத்தையைத் தெச்சது? உள்ள ஒரு முள்ளு. சிட்னி வரைக்கும் குத்திச்சு, திரும்பி வர்ற வரைக்கும் குத்திச்சு."

"முள்ளுதானா? ஆணின்னு இல்ல நெனச்சேன். அடுத்த தடவை ஆணியா வெக்கறேன்" என்றாள் இவள்.

"அடுத்த தடவையும் உன்கிட்டதான் வாங்குவேன்னு யாரு சொன்னா?"

"பின்ன எதுக்குய்யா இவ்ளோ நேரம் வாசல்ல நின்னுட்டிருக்கே?"

அந்த வருஷமே கல்யாணம். அவனுக்கு மைக்கா என்று ஒரு தம்பி, அவனும் கப்பலில்தான். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். மைக்கா பெரிய வாயாடி. என் கடைக்கு வந்தால், "லெட்டி அக்கா, இது சூப்பா, இல்ல ஆத்துத் தண்ணியைச் சூடு பண்ணி வெச்சிருக்கியா?" என்பான். அண்ணியிடம் மட்டும் அடங்கி இருப்பான். தாய் இல்லாத பிள்ளை, அவளைத்தான் தாய் மாதிரி நினைத்தான்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் செப்டம்பர் மாதம் கெண்ட் பக்கம் ஹாப்ஸ் பூப் பறிக்கப் போவோம். பியரில் கசப்புக்குப் போடுகிற பூ அது. அதன் வாசனைக்கு நல்ல தூக்கம் வரும் என்பார்கள். கெசையா கொஞ்சம் பூவைக் கொண்டுவந்து, தன் பழைய நீலப் பாவாடையைக் கிழித்துச் சின்னப் பையாகத் தைத்து அதில் போட்டு, ஜெத்ரோவின் மெத்தைக்குள் தலைமாட்டில் வைத்துத் தைத்துவிடுவாள். வேறு யார் மெத்தையிலும் வைக்க மாட்டாள். மைக்கா கேட்டால், "உனக்குத் தூக்கத்துக்கு மருந்து வேற வேணுமா? எழுப்பத்தான் மருந்து வேணும்" என்பாள்.

கல்யாணமாகி அதிக வருஷம் ஆகவில்லை, ஜெத்ரோவுக்கு இருமல் வந்தது. முதலில் சளி என்றான். அடுத்த பயணத்தில் இரத்தம் வந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. கப்பல் ஆற்றுமுகத்தில் இருக்கிற கிரேவ்ஸெண்ட் வந்ததும் அவனைத் தூக்கி இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கெசையா போய்ச் சேரும்போது அவனுக்கு அவளை அடையாளம் தெரிந்தது, பேச்சு வரவில்லை. அந்த வாரமே போய்விட்டான். அவளுடைய சிரிப்பும் போயிற்று. அழுதுகொண்டு வீட்டில் உட்கார வாடகை விடாது. அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் கொட்டகைக்குத் திரும்பிவிட்டாள். மைக்கா அடுத்த கப்பலில் கிளம்பினான். அவனுக்கு மெத்தை அடைத்ததும் அவள்தான்.

அதன்பிறகு ஒரு வியாழக்கிழமை. கடையில் கூட்டம். கெசையா உள்ளே வந்தாள். பேயறைந்த முகம் என்பார்களே, அதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். கை ஒன்றை இறுக மூடியிருந்தாள். நான் கரண்டியைப் போட்டுவிட்டு அவளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னடி ஆச்சு? மைக்காவுக்கு ஏதாவதா?"

கையைத் திறந்தாள். உள்ளே ஒரு நீலத்துணிப் பை. நனைந்து காய்ந்து வெளுத்திருந்தது. ஒரு பக்கம் பழுப்பாகக் கறை.

"எங்கேருந்து எடுத்தே?"

"வைக்கோல்லருந்து."

"எந்த வைக்கோல்?"

"இன்னைக்குக் காலைல பர்கிஸ் கொண்டாந்து கொட்டின வைக்கோல். புது வைக்கோல்னு கொட்டினது. கையை விட்டேன் லெட்டி, இது கைல வந்துச்சு."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. செத்தவன் ஏதோ சேதி சொல்லி அனுப்பியிருக்கிறான் என்றுகூட ஒரு கணம் புத்தி போயிற்று. பிறகு மெல்ல உறைத்தது. ஜெத்ரோவை இறக்கிய பிறகு மற்றவர்கள் எல்லா மெத்தைகளோடும் அவனுடையதையும் ஆற்றில் எறிந்திருக்கிறார்கள். படகுக்காரர்கள் அதைப் பொறுக்கியிருக்கிறார்கள். பர்கிஸ் வாங்கியிருக்கிறான். காயவைத்து, கிழித்து, உள்ளே இருப்பதை உதறி, கொஞ்சம் நல்ல வைக்கோலோடு கலந்து, திரும்ப இவள் முன்னாலேயே கொண்டுவந்து கொட்டியிருக்கிறான். அவன் இருமித் துப்பிச் செத்த வைக்கோல்.

"அந்த நாசமாப் போறவன்..." என்று ஆரம்பித்தேன்.

கெசையா என் கையைப் பிடித்தாள். அவள் கண் என்மேல் இல்லை.

"லெட்டி. இது இன்னைக்கு ஆரம்பிச்ச வேலையா இருக்காது இல்ல?"

"எப்படித் தெரியும்?"

"எப்பவும் இந்தத் தூசிதான். எப்பவும் இந்த வாடைதான். நான் ஈர வைக்கோல்னு நெனச்சேன்." பையைத் திருப்பிப் பார்த்தாள். "ஜெத்ரோவோட மெத்தையை நான்தானே அடைச்சேன். எந்த வைக்கோலை அடைச்சேன்? யாரு செத்த வைக்கோல் அது?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் வாழ்க்கையில் பிணம் பார்த்திருக்கிறேன், தீ விபத்து பார்த்திருக்கிறேன், துறைமுகத்தில் ஒருவன் சங்கிலியில் மாட்டி நசுங்கியதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சமையலறைத் தரையில் அவள் உட்கார்ந்த மாதிரி எதுவும் என்னை உலுக்கவில்லை. பிறகு திடீரென்று எழுந்தாள்.

"மைக்கா" என்றாள். "ஐயோ, மைக்கா அதுலதானே படுத்திருக்கான்."

கடல் நடுவில் இருப்பவனுக்கு என்ன சொல்லி அனுப்புவது? ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு பேரும் நேரே பர்கிஸிடம் போனோம். அவன் கொட்டகை முற்றத்தில் நின்று புகைக்குழாய் பிடித்துக்கொண்டிருந்தான். மறைப்பான், பொய் சொல்வான் என்று நான் தயாராகப் போனேன். அவன் மறைக்கவே இல்லை. அதுதான் எனக்கு அடுத்த அதிர்ச்சி.

"ஆமா, எல்லாரும் செய்யறதுதான். அதான் வெயில்ல காயப் போடறோமே" என்றான்.

"லண்டன்ல எந்த வெயில்ல காயப் போட்டே?" என்றேன் நான்.

"லெட்டி, உன் சூப்புல என்ன போடறேன்னு நான் வந்து கேட்டேனா?" என்றவன் கெசையாவைப் பார்த்து, "உன் வருத்தம் புரியுதும்மா. ரெண்டு நாள் வீட்டுல இரு. அப்புறம் வா. இந்த வேலைக்கு நெறைய பேர் காத்துட்டிருக்காங்க" என்றான். குரல் அன்பாகத்தான் இருந்தது. அந்த அன்புக்கே அவனைக் கொன்று போட்டிருக்கலாம்.

மாலுமிகள் சங்கத்தில் டன்ஸ்டன் என்று ஒருவர் இருந்தார். ஒல்லி, எப்போதும் கழுத்தில் ஒரு சிவப்புக் கம்பளித் துண்டு. என் கடையில் கணக்கு வைத்துச் சாப்பிடுகிறவர். அவரிடம் சொன்னோம். நீலப் பையைப் பார்த்ததும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"கெசையா, நல்லாக் கேட்டுக்கோ. ஒரே ராஜா, ஒரே கொடி. ஆனா ஆஸ்திரேலியாவுல சிட்னில பதிஞ்ச கப்பலுக்கு ஒரு சட்டம், நியூசிலாந்துல வெலிங்டன்ல ஒரு சட்டம், இங்க ஒரு சட்டம். அந்தப் பக்கத்துக் கப்பல்ல ஆளுக்குக் கொஞ்சம் வசதி கூட, செலவும் கூட. நம்ம முதலாளிங்க வசதியே குடுக்காம மலிவா சரக்கு ஏத்தறாங்க. அந்தப் பக்கத்து முதலாளிங்களுக்கு வயித்தெரிச்சல். இப்ப எல்லா நாட்டு ஆளுங்களும் லண்டன்ல உக்காந்து ஒரே சட்டமா ஆக்கலாம்னு பேசிட்டிருக்காங்க. படுக்கையை யாரு குடுக்கணும்கிறதும் அதுல ஒண்ணு. நீ வந்து சொல்லு."

"என்னத்தைச் சொல்றது?"

"கப்பல் கம்பெனியே மெத்தை குடுக்கணும்னு சொல்லு. நடந்ததைச் சொல்லு."

"கம்பெனி குடுத்துட்டா, ஆளுங்க எங்ககிட்ட வாங்க மாட்டாங்களே. நான் எதைச் சாப்பிடுவேன்?"

டன்ஸ்டன் தலையைக் குனிந்துகொண்டார். கெசையா நீலப் பையை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"மைக்கா திரும்பி வந்து மறுபடி போவான். அவனுக்கு வேற தொழில் தெரியாது" என்றாள். "அவன் இன்னொருத்தன் செத்த வைக்கோல்ல படுக்கக் கூடாது. அது போதும் எனக்கு. வர்றேன்."

பர்கிஸுக்குச் சேதி போயிற்று. போனால் திரும்பி வராதே என்று சொல்லி அனுப்பினான்.

அவள் தனியாகப் போகப் பயந்தாள், நானும் கடையை மூடிவிட்டுக் கூடப் போனேன். பர்கிஸ் கொட்டகை மெத்தை ஒன்றைத் துறைமுகக் கடை ஒன்றில் வாங்கித் தூக்கிக்கொண்டு டிராமில் ஏறினோம். கண்டக்டர், "மாட்டுத் தீனியெல்லாம் ஏத்தக் கூடாது" என்றான். "இது தீனி இல்லய்யா, கட்டில்" என்றேன். "அப்போ இன்னும் மோசம். கட்டிலோட ரெண்டு பொம்பளைங்களை ஏத்தினா என்னை வேலையைவிட்டுத் தூக்கிடுவாங்க" என்றான். டிராமே சிரித்தது. கெசையா மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் பெரிய மண்டபம். நீளமான மேசை, பச்சைத் துணி, சுற்றிலும் ஐயாமார்கள். ஆஸ்திரேலியாக்காரர்கள் ஒரு பக்கம், வெயிலில் கறுத்த முகம். நியூசிலாந்துக்காரர் ஒருவர் எலும்பும் தோலுமாக. கப்பல் முதலாளிகள் சார்பில் ஒரு தொப்பைக்காரர். நடுவில் தலைவர், தாடி வைத்த கிழவர். நாங்கள் போகும்போது, ஒரு துறைமுகத்தில் கைவிடப்பட்ட மாலுமியை எந்த நாட்டுச் செலவில் ஊர் அனுப்புவது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். சாம்ராஜ்யம் என்ற வார்த்தையை அத்தனை முறை நான் ஒரே நாளில் கேட்டதில்லை.

கெசையாவின் முறை வந்தது. எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. டன்ஸ்டன் வாயசைத்து எடுத்துக் கொடுத்தார், அதுவும் ஆகவில்லை. தொப்பைக்காரர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். அதைப் பார்த்ததும் அவளுக்கு என்ன வந்ததோ, மெத்தையைத் தூக்கி அந்தப் பச்சைத் துணிமேல் போட்டு, இடுப்பில் செருகியிருந்த கத்தரிக்கோலால் ஒரே கிழி.

புகை மாதிரி தூசி எழும்பியது. ஐயாமார் எல்லாம் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு இருமினார்கள். அழுகிய வாடை. வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு கிழிந்த துணித்துண்டு, ஏதோ காய்ந்து கெட்டியானது, ஒரு பழைய காலுறை எல்லாம் வெளியே வந்தன. காலுறையில் பழுப்புக் கறை. நியூசிலாந்துக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"புதுசுன்னு விக்கறாங்கய்யா" என்றாள் கெசையா. "இப்படி ஒண்ணுலதான் எம் புருஷன் படுத்தான். நான் தெச்சுக் குடுத்தேன். எனக்குத் தெரியாது." அவ்வளவுதான் சொன்னாள். நீலப் பையை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். தொப்பைக்காரர்கூட வெளிறிப் போயிருந்தார். ஆனால் ஐயாமாருக்கு அதிர்ச்சி ரொம்ப நேரம் தங்குவதில்லை. தேநீர் வந்தது, தேநீரோடு பேச்சும் வந்தது.

"கம்பெனியே குடுக்கறதுன்னா அகலம் எவ்வளவு?" என்றார் ஒருவர்.

"தொலைச்சா யாரு பொறுப்பு?" என்றார் இன்னொருவர்.

"எல்லாக் கப்பலுக்கும்னா, எங்க கப்பல்ல வேலை செய்யற வங்காளத்து ஆளுங்களுக்குமா?" என்றார் தொப்பைக்காரர். "அவங்க பாயில படுத்துப் பழகினவங்க. அவங்களுக்கும் மெத்தைன்னா நாங்க கப்பலை விக்க வேண்டியதுதான்."

"அவங்களுக்கு நெஞ்சுக்குள்ள நுரையீரல் இல்லையாய்யா?" என்று கெசையா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

தலைவர் மரியாதையாக, "அது இந்திய அரசாங்கத்தின் விஷயம் அம்மா" என்றார். டன்ஸ்டன் அவள் தோளைத் தொட்டு, "அவங்க விஷயம் அப்புறம். இப்ப கெடைக்கறதை வாங்கிக்குவோம்" என்று கிசுகிசுத்தார். சங்கத்துக்காரர் வாயிலிருந்தே அது வந்தது எனக்கு முள் மாதிரி இருந்தது.

சாயங்காலம்வரை இழுத்தார்கள். நீள அகலம் முடிவாயிற்று. எத்தனை அங்குலத் தடிமன் என்று முடிவாயிற்று. ஒரே மாதிரி இருக்க வேண்டும், லண்டன் கப்பலானாலும் மெல்பர்ன் கப்பலானாலும் ஒரு வித்தியாசமும் கூடாது என்று முடிவாயிற்று. ஆஸ்திரேலியாக்காரர்கள் வேறு ஏதோ ஒரு கோரிக்கையை விட்டுக்கொடுத்தார்கள், முதலாளிகள் மெத்தைக்குத் தலையாட்டினார்கள். நியூசிலாந்துக்காரர் எழுந்து வந்து நீலப் பையை இரண்டு கையாலும் எடுத்து கெசையாவிடம் கொடுத்தார். "நீங்க ஜெயிச்சுட்டீங்க அம்மா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன்.

மைக்கா திரும்பி வந்தான். நாங்கள் துறைமுகத்துக்கே ஓடினோம். இருமுகிறானா என்று அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள் கெசையா. "அண்ணி, நாலு பேர் பார்க்கறாங்க, என்னைப் பொம்மை மாதிரி பண்ணாதே" என்று கூச்சப்பட்டான். நல்லாத்தான் இருந்தான். அன்றைக்கு என் கடையில் எல்லாருக்கும் புட்டிங் இனாம். கெசையா ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தாள், கோப்பை ஆடவில்லை, ஆனாலும் சிரித்தாள். பர்கிஸிடம் வேலை போயிற்று. என் கடையில் பாத்திரம் கழுவ வந்துவிட்டாள். உடைத்த தட்டுக்குக் கணக்கே இல்லை, அந்தக் கைக்குத் தட்டு எம்மாத்திரம்.

சட்டமாக வர நாளாகும் என்றார்கள். ஆனால் பத்திரிகையில் செய்தி வந்துவிட்டதால், பெரிய கம்பெனிகள் நல்ல பெயர் வாங்க முன்னாலேயே ஆரம்பித்துவிட்டன. அடுத்து சிட்னி போகிற கப்பலில் எல்லாப் பலகையிலும் கம்பெனி மெத்தை என்று அறிவிப்பு வந்தது. மைக்கா அதில்தான் கையெழுத்துப் போட்டான். கெசையாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

கப்பல் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது பர்கிஸ் கடைக்கு வந்தான். புதுக் கோட்டு, கையில் பெரிய பன்றித்தொடை. அதை கெசையா முன்னால் மேசைமேல் வைத்தான்.

"பழசை மறந்துரும்மா. உன்மேல எனக்குக் கோவமே இல்ல. சொல்லப்போனா நான்தான் உனக்குக் கடன்பட்டிருக்கேன்."

"எதுக்கு?" என்றாள்.

"முன்னாடி ஒத்தை ஒத்தை ஆளா வந்து பேரம் பேசி வாங்குவான். இப்ப கம்பெனிங்க மொத்தமா வாங்குது. ஒரே அளவு, ஒரே தடிமன். அந்தக் காண்டிராக்டை நான் எடுத்துட்டேன். யாரால என்னைவிடக் குறைச்சுக் குடுக்க முடியும்?"

கெசையாவின் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது.

"வைக்கோல் எங்கேருந்து?"

"எப்பவும் போலத்தான். ஆனா ஆத்துல வர்றது பத்தலைம்மா, இவ்ளோ கப்பல் இல்ல? அதான் ஆஸ்பத்திரிப் பின்வாசல்லயும் சொல்லி வெச்சிருக்கேன். அங்க கழிக்கற படுக்கையெல்லாம் நமக்குத்தான். நல்லாக் காயப் போடறோம், கவலைப்படாதே."

அவன் அதை ஏதோ சந்தோஷச் செய்தி மாதிரி சொன்னான். ஆஸ்பத்திரிப் படுக்கை! ஆற்றில் எறிந்ததில் பத்துக்கு ஒன்று நோயாளி படுத்தது என்றால், இது அத்தனையும் நோயாளி படுத்தது. நான் கொதிக்கிற சூப்புக் கரண்டியைத் தூக்கினேன், அவன் ஓடிவிட்டான். பன்றித்தொடையை நாய்க்குப் போட்டேன்.

கெசையா ஈரக் கையோடு சங்கத்துக்கு ஓடினாள், பின்னாலேயே நான். டன்ஸ்டன் ஒப்பந்த வாசகத்தை எடுத்து மேலிருந்து கீழே படித்தார். நீளம் இருந்தது, அகலம் இருந்தது, தடிமன் இருந்தது, தொலைத்தால் யார் பொறுப்பு என்பதும் இருந்தது. உள்ளே இருப்பது புதியதாக இருக்க வேண்டும் என்று ஒரு இடத்திலும் இல்லை. அந்தத் தூசியில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை ஐயாமாரில் ஒருவருக்கும் அதைச் சேர்க்கத் தோன்றவில்லை. டன்ஸ்டன் முகம் சாம்பலாகிவிட்டது.

"திருத்தச் சொல்லுங்க" என்றாள்.

"எல்லாரும் கப்பலேறிட்டாங்க கெசையா. அவங்க ஊர் போய்ச் சேரவே மாசக்கணக்காகும். ஒரு நாடு மட்டும் மாத்த முடியாது, எல்லாரும் மறுபடி கூடணும்."

"எப்பக் கூடுவாங்க?"

"தெரியலை" என்றார். மனிதர் அழுதுவிடுவார் போலிருந்தது.

அவள் அவரைத் திட்டவில்லை. நேரே வண்டிக்காரன் ஒருவனிடம் போய், எசெக்ஸ் வயல் பக்கத்திலிருந்து வந்த சுத்தமான கோதுமை வைக்கோல் வாங்கினாள். நிஜமாகவே வெயில் வாசனை அடித்த வைக்கோல். என் கடை மாடியில் உட்கார்ந்து மைக்காவுக்கு ஒரு மெத்தை அடைத்தாள். ஒவ்வொரு பிடியையும் உதறி உதறிப் பார்த்து அடைத்தாள். நான் உதவப் போனதற்கு, கையைக் கழுவிவிட்டு வா என்றாள்.

கிளம்புகிற நாள் காலை, குளிர் எலும்பைத் துளைத்தது. மெத்தையை அவளே சுமந்துகொண்டு துறைக்கு வந்தாள். ஆட்கள் தோள்பையை மட்டும் மாட்டிக்கொண்டு கைவீசி நடந்து வந்தார்கள். அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி ஆரவாரம் செய்தார்கள்.

"நம்ம மெத்தை மகராசி வந்திருக்கா பாருடா! அக்கா, உன் புண்ணியத்துல இந்தத் தடவை தோள்பட்டை தப்பிச்சுது!"

"அதுல படுக்காதீங்கடா!" என்று கத்தினாள். "அது ஆஸ்பத்திரி வைக்கோல்! பலகையில படுங்க!"

"பாவம், வியாபாரம் போன எரிச்சல்" என்று ஒருவன் சிரித்தான். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே ஏணி ஏறினார்கள். அவர்கள் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல எனக்கு இருந்தது. அத்தனை பேரை யார் உலுக்குவது?

மைக்கா வந்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். அண்ணியிடமிருந்து மெத்தையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். மேலே நின்ற கப்பல் அதிகாரி கையை நீட்டித் தடுத்தார். இளைஞர், முகத்தில் கடுமை இல்லை.

"அதைக் கீழ வெச்சுட்டு வா."

"என் சொந்த மெத்தை ஐயா. சுத்தமான வைக்கோல்."

"சொந்தப் படுக்கை இனிமே உள்ள வரக் கூடாதுப்பா. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்னு கம்பெனி உத்தரவு."

கெசையா ஏணியின் அடியில் போய் நின்று, "ஐயா, இவன் ஒருத்தனை மட்டும் விட்டுருங்க. எம் புருஷன் அதுலதான் போனான். இவன் ஒருத்தனை மட்டும்" என்று கும்பிட்டாள்.

அதிகாரி கீழே பார்த்தார். யாரென்று அடையாளம் தெரிந்துவிட்டது, பத்திரிகையில் படம் வந்திருந்ததே. தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்.

"ப்ரூயிட் அம்மாதானே? நீங்களே இப்படிச் சொன்னா எப்படிம்மா? இது நீங்க வாங்கிக் குடுத்த சட்டம் இல்லையா?"

கெசையா கும்பிட்ட கையை இறக்கினாள். மைக்கா மெத்தையை ஏணிப் படிமேல் மெதுவாகக் கீழே சரியவிட்டான். அது வந்து அவள் காலடியில் விழுந்தது.

"நான் பலகையில படுத்துக்கறேன் அண்ணி" என்று மேலேயிருந்து கத்தினான். "சத்தியமா."

வழியில் அலை கொந்தளிக்கிற பிஸ்கே வளைகுடா, குளிர்காலம், வெறும் பலகை. எத்தனை ராத்திரி தாங்குவான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஏணியை மேலே இழுத்துவிட்டார்கள்.